நிலைவாசலுக்கு அடியில

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இத நான் சொல்லலன்னா எங்க தெருவுல யாராச்சும் சொல்லிருவாக, அதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன். தேனியில எங்க தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்தப்ப, அந்த ஏழெட்டு மாசத்துல நான் சண்டை போடாத ஆளு கிடையாது. குழி தோண்ட வந்தவுக, குழாய் எறக்க வந்தவுக, எதுத்த வீட்டு மதினி, கடைசியில எங்க வீட்டுக்காரர் வரைக்கும் ஒருத்தரையும் விடல. இப்ப தெரு சிமெண்டு ரோடா வழவழன்னு கெடக்கு. நடுவுல வரிசையா வட்ட மூடி. வண்டி மேல ஏறி எறங்குனா டொக்கு டொக்குன்னு கேக்கும். அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு அடுப்படி வேலை ஓடாது. எங்க வீட்டுக்காரர் போயி ரெண்டு வருசமாச்சு. தெரு பூராம் குழியும் புழுதியுமா கெடந்த அந்த நாளுகதான் நாங்க ரெண்டு பேரும் கடைசியா நல்லா இருந்த நாளுன்னு இப்பத் தோணுது. அப்ப யாராச்சும் எங்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா வெளக்கமாத்தத் தூக்கியிருப்பேன்.

அவுக ஜீப் டிரைவர். சின்னமனூர்லருந்து மேகமலைக்கு எஸ்டேட் ஆளுக, ரேசன் மூட்டை, ஏலக்கா மூட்டைன்னு ஏத்திக்கிட்டு முப்பது வருசம் போயிட்டு வந்தவுக. அந்த ரோடு ரோடா இல்லாம வெறும் கல்லாக் கெடந்த காலத்துலயே ஓட்டுனவுக. மழையில மண்ணு சரிஞ்சு கெடந்தா எறங்கி, கல்லப் பொரட்டித் தள்ளிட்டு, மறுபடி ஏறி ஓட்டிக்கிட்டுப் போவாகளாம். நல்ல ஒசரம். யாருகிட்டயும் ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டாக, தானே போயி மோந்து குடிப்பாக. அப்படிப்பட்ட மனுசன் ஒரு நா காலையில பல்லு வெளக்கிக்கிட்டு நின்னவுக, கையில இருந்த பிரஷ் கீழ விழுந்துச்சு. அத எடுக்கக் குனிஞ்சவுக எந்திரிக்கல.

வலது கையி, வலது காலு, பேச்சு, மூணும் ஒண்ணாப் போச்சு. மதுரையில வச்சுப் பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டியாந்தோம். மகன் கோயம்புத்தூர்ல வேலை பாக்குறான், ஒரு மாசம் இருந்துட்டுப் போனான். அதுக்கப்புறம் நானும் அவுகளும்தான். பேச்சு கொஞ்சங் கொஞ்சமாத் திரும்புச்சு, ஆனாக் குழறும். எனக்கு மட்டும்தான் வெளங்கும். நான் வேற ஆளுகளுக்கு எடுத்துச் சொல்றப்ப, அவுக சொன்னதோட நாலு வார்த்தை நானாச் சேத்துச் சொல்லிருவேன். அவுக மொறைப்பாக. காலு ஒரு வழியா, வாக்கரப் புடிச்சுக்கிட்டு, பத்துப் பன்னெண்டு எட்டு இழுத்து இழுத்து வைக்கிற அளவுக்கு வந்துச்சு. அதுக்கு மேல முடியாது.

எங்க வீடு நீளமான வீடு. பக்கத்து வீட்டோட ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டு, இன்னொரு பக்கம் ஆளு ஒருக்களிச்சுப் போற மாதிரி ஒரு முடுக்கு. வாசல் கெழக்க பாத்து இருக்கும். முன்னால கூடம் மாதிரி பட்டாசாலை, அதுக்குப் பின்னால சாமான் ரூம்பு, அடுப்படி, அப்புறம் கொல்லை. கொல்லைக் கடைசியில மூணு படி எறங்குனாத்தான் கக்கூஸ். நாங்க வீடு கட்டுன காலத்துல அப்படித்தான் கட்டுவாக. வீட்டுக்குள்ளயே கக்கூஸ் வச்சவுகள ஒரு மாதிரியாப் பேசுன காலம் அது. பட்டாசாலையில கட்டில்ல கெடந்த மனுசனால அம்புட்டுத் தூரம் போக முடியுமா, அந்த மூணு படிய எறங்க முடியுமா? ஓட்டை போட்ட நாற்காலி ஒண்ணு வாங்கி, அடியில வாளி வச்சு, நான்தான் எல்லாம் பாத்தேன்.

எனக்கு அது ஒண்ணும் பெருசா இல்ல. புள்ள பெத்து வளத்த கைதான இது. அவுகளுக்குத்தான் உசுரு போச்சு. நான் கழுவி விடுற நேரத்துல கண்ண இறுக்கி மூடிக்குவாக. ஒரு நாளும் எம் மூஞ்சியப் பாத்ததில்ல. அது முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு எங்கிட்டப் பேசவும் மாட்டாக, நான் ஏதாச்சும் கேட்டாலும் சுவத்தப் பாத்துத் திரும்பிக்குவாக. முப்பத்தஞ்சு வருசம் கூட வாழ்ந்த பொண்டாட்டிகிட்ட என்ன வெக்கம்னு எனக்குக் கோவமா வரும். கோவம் வந்தா நான் பாத்திரத்தத்தான் போட்டு உடைப்பேன்.

அப்பத்தான் வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச கையோட எங்க தெருவத் தோண்ட வந்தாய்ங்க. வீட்டுக்கு வீடு கனெக்சன் குடுக்கப் போறாகன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாக. செப்டிக் டேங்க் வேண்டாம், வீட்டுக்குள்ள எங்கன வேணும்னாலும் கக்கூஸ் கட்டிக்கிறலாம், குழாய மட்டும் தெருவுல இருக்குற சேம்பர்த் தொட்டியில கொண்டாந்து சேத்துட்டாப் போதும்னு பேச்சு. நான் அன்னைக்கே கட்டில்லருந்து சாமான் ரூம்புக்கு எட்டு வச்சுப் பாத்தேன். ஒம்போது எட்டு. அவுக நடைக்குப் பதினொண்ணு வரும். படி கெடையாது, எறக்கம் கெடையாது. அவுகளே போயிட்டு அவுகளே வந்துரலாம். அவுககிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரங் கழிச்சு வாக்கரப் புடிச்சு எந்திரிச்சு, சாமான் ரூம்பு வாசல் வரைக்கும் போயி, அரிசி மூட்டையவும் வெங்காயத்தையும் பாத்துக்கிட்டு நின்னுட்டுத் திரும்பி வந்தாக. அன்னைக்கிலிருந்து தெனமும் காலையிலயும் சாயங்காலமும் அந்த நடைதான்.

தோண்டுனது ஒரு பக்கம் அழிச்சாட்டியம்னா, அது இன்னொரு பக்கம் திருவிழா. வாசல்ல ஆளு ஒசரத்துக்கு மேல பள்ளம். ஆடிக்காத்து வேற. கம்பம் பக்கமிருந்து அடிச்சு வர்ற காத்து தெரு மண்ணப் பூராம் அள்ளிக்கிட்டு வந்து எங்க சாம்பார்ல போட்டுட்டுப் போகும். கொடியில துணி காயப் போட முடியல. குடிதண்ணிக் குழாய் ரெண்டு தடவ ஒடஞ்சுச்சு. பள்ளத்தத் தாண்டுறதுக்கு அவுகவுக வீட்டுக்கு முன்னால ஒரு பலகை போட்டுக்கிட்டோம். எங்க பலகையில எதுத்த வீட்டு மதினி கால வச்சாகன்னு நானும், எங்க வீட்டுக் குப்பை அவுக பக்கம் விழுகுதுன்னு மதினியும், அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னுக்கிட்டு ஏசிக்குவோம். மதினின்னா சொந்த மதினி இல்ல. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அப்படித்தான் கூப்பிடுறது. ஏசி முடிச்சதும் அவுக வீட்டுக் கொழம்பு ஒரு கிண்ணத்துல பலகை மேல வரும்.

அவுகளுக்கு வாசல்ல பிளாஸ்டிக் சேரப் போட்டு ஒக்கார வச்சிருவேன். அம்மாடி, அந்த ஜேசிபியப் பாக்குறதுல அந்த மனுசனுக்கு என்ன சந்தோசம்கிறீக! ஓட்டுறவரு சரியாத் தோண்டுனா தலைய ஆட்டுவாக. தப்பாத் தோண்டுனா இடது கையத் தூக்கி "ஏஏய்"னு சத்தம் போடுவாக. அந்த ஓட்டுநரும் நல்ல மனுசன். "என்ன டிரைவரே, சரியா?"ன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த வாளியப் போடுவாரு. பள்ளத்துச் சுவத்துல ரோடு அடுக்கு அடுக்காத் தெரியும். மேல ஒரு தார், அடியில ஜல்லி, அதுக்கும் அடியில இன்னொரு தார், அப்புறம் செம்மண்ணு. அவுக அதக் கைய நீட்டி நீட்டிக் காட்டி எங்கிட்டக் குழறிக் குழறிச் சொன்னாக. மேல இருக்குறது மகன் காலேஜுக்குப் போன வருசம் போட்டது. நடுவுல இருக்குறது அவுக சொந்தமா ஜீப் வாங்குன வருசம் போட்டது. அடியில தெரியிற செம்மண்ணுலதான் எங்க கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாக. அதச் சொல்லிட்டு என்னப் பாத்துச் சிரிச்சாக. வாய் ஒரு பக்கம்தான் சிரிச்சுச்சு. அது போதும்னு இருந்துச்சு எனக்கு.

குழாய எறக்கி, சேம்பர் கட்டி, எங்க வாசலுக்கு நேராக் கொண்டாந்து நிப்பாட்டிட்டாய்ங்க. இனி வீட்டுக்குள்ள வேலை நம்ம பொறுப்பு. உத்தமபாளையத்துலருந்து ஒரு பிளம்பர் பாய் வருவாக, எங்க தெருவுல பாதி வீட்டுக்கு அவுகதான். நல்ல வேலைக்காரவுக. ரசமட்டத்த வச்சு அங்கனயும் இங்கனயும் பாத்துட்டுச் சொன்னாக: "அக்கா, சாமான் ரூம்புல கக்கூஸ் வச்சு, அங்கருந்து பட்டாசாலை வழியா, நிலைவாசலுக்கு அடியில நேரா விட்டுட்டா சேம்பருக்குப் போயிரும். சரிவு வாட்டம் நல்லாக் கெடைக்கும். தண்ணி நிக்காது."

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. "என்ன பாய் சொல்றீக? மகாலச்சுமி வர்ற நிலைக்கு அடியில பீத்தண்ணி ஓடுறதா?"ன்னு கேட்டுட்டேன்.

இத நான் மட்டும் கேக்கல. எங்க தெருவுல இருக்குற அம்புட்டுப் பொம்பளைகளும் அதத்தான் கேட்டாக. ஆனா எனக்கு அதுக்கு மேலயும் ஒண்ணு இருந்துச்சு. அந்த நிலை வேங்கை மரம். போடிப் பக்கம் ஒரு மரவாடியிலருந்து அவுக ஜீப் மேல கட்டி, வழி பூராம் பத்து எட்டுக்கு ஒரு தடவ எறங்கிக் கயித்தப் பாத்துப் பாத்துக் கொண்டாந்தது. நிலை வச்ச அன்னைக்கு அடியில நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் போட்டு, பால் ஊத்தி, நான்தான் மொதக் குங்குமம் வச்சேன். அன்னைக்கிலிருந்து வெள்ளிக்கெழமை தவறுனதில்ல. மலைக்கு வண்டி ஏத்துற ஒவ்வொரு நாளும் அவுக அந்தப் படியத் தாண்டிப் போனதும், நிலையத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் நான் அடுப்பப் பத்த வைப்பேன். எத்தன வண்டி அந்த மலையிலருந்து உருண்டிருக்கு! அவுகள ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொண்டாந்து விட்டது அந்த நிலைதான்னு எம் மனசுல பதிஞ்சு போச்சு. அதுக்கு அடியில கொண்டு போயி அதையா விடுறது?

"அப்ப சுத்தித்தான் கொண்டு போகணும்க்கா," பாய் சொன்னாக. "பின்னால கொல்லைக்கு எடுத்து, அங்கன திருப்பி, முடுக்கு வழியா முன்னால கொண்டாந்து, படிய ஒட்டி மறுபடி திருப்பி... நாலு வளைவு வரும். தூரமும் ரெண்டு பங்கு ஆயிரும். வாட்டம் பத்தாது. நான் சொல்றதச் சொல்லிட்டேன்."

கட்டில்லருந்து அவுக "நே... நே..."ன்னாக. நேராப் போடச் சொல்றாகன்னு எனக்கு நல்லாவே வெளங்குச்சு. பாயி என்னப் பாத்தாக. நான் என்ன எடுத்துச் சொன்னேன் தெரியுமா? "அவுகளும் சுத்தியே போடச் சொல்றாக"ன்னு சொன்னேன். ஆத்தாடி, அந்த மனுசன் என்னப் பாத்த பார்வை! இடது கையால கட்டில் சட்டத்த அடிச்சாக. வளைவுல வண்டி போகும்டி, அது போகாதுடின்னு ஒவ்வொரு வார்த்தையாத் தள்ளித் தள்ளிச் சொன்னாக. மலை ரோட்டுல வளைவு வளைவா ஓட்டுன ஆளுக்குத் தெரியாதா எது போகும், எது போகாதுன்னு. "நீங்க சும்மா இருங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

எங்க தெருவுல பொம்பளைக எல்லாரும் அப்படித்தான் போட்டோம். ஒரு வீட்டுல சாமி அலமாரியச் சுத்தி, ஒரு வீட்டுல நெல்லு வைக்கிற எடத்தச் சுத்தி, மதினி வீட்டுல அடுப்படியவும் சுத்தி நிலையவும் சுத்தி. பாய் தலையத் தலைய ஆட்டிக்கிட்டே பசையத் தடவி ஒட்டுனாக. வேலை முடிஞ்சு, டைல்ஸ் ஒட்டி, வெள்ளைக் கோப்பை வச்சு, சாமான் ரூம்பு பளபளன்னு இருந்துச்சு. மொத நாளு அவுகளக் கூட்டிட்டுப் போயி ஒக்கார வச்சேன். விழுந்துருவாகளோன்னு தோளப் புடிச்சுக்கிட்டு உள்ளயே நின்னேன். ரெண்டாம் நாளும் அப்படித்தான். பழகட்டும், அப்புறம் தனியா விட்டுரலாம்னு நெனச்சேன்.

மூணாம் நாளு காலையில அவுக ஒக்காந்திருக்கும்போதே தண்ணி உள்ளருந்து மேல வந்துச்சு. வர வர நிக்கல. கோப்பை நெறஞ்சு, வழிஞ்சு, அவுக பாதத்துல வந்துருச்சு. எந்திரிக்க முடியல அவுகளால. வழுக்குது. "ஆ... ஆ..."ன்னு கத்துறாக. நான் பதறிப் போயி இழுத்துக் கட்டிப் புடிச்சு, பட்டாசாலைக்குக் கொண்டாந்து, வாளித் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். அவுக அழுதாக. கல்யாணம் ஆனதுலருந்து அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. அவுக அம்மா செத்தப்பக்கூட வெளிய போயி நின்னுட்டு வந்தாக. நானும் அழுதேன், ஆனா கூடவே பாயவும் ஏசுனேன், தோண்டுனவுகளவும் ஏசுனேன். எம் மேல தப்புன்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் ஏசுனேன்.

பாய் வந்து குச்சிய விட்டுக் குத்தி எடுத்துட்டுப் போனாக. நாலு நாள்ல மறுபடி அடைச்சுக்கிச்சு. சாமான் ரூம்பச் சாத்திப் போட்டுட்டு, பழைய ஓட்டை நாற்காலியத் தூசி தட்டி எடுத்தேன்.

அதுக்கப்புறம்தான் அவுகளுக்குச் சாப்பாடு கொறஞ்சுச்சு. காலையில அஞ்சு இட்லி தின்ன ஆளு ரெண்டோட நிறுத்துனாக. மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு. ராத்திரி பாலோட சரி. ஒடம்புக்கு முடியலயோன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், ஒண்ணும் இல்லன்னுட்டாரு. மாத்திரை கசப்பு நாக்குல நிக்குதோன்னு எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுக் குடுத்தேன். கன்னம் ஒட்டிப் போச்சு. சட்டை தொளதொளன்னு தொங்குச்சு.

ஒரு நா வைகை அணையிலருந்து அயிரை மீன் வந்திருக்குன்னு கேள்விப்பட்டு, மதினியவும் இழுத்துக்கிட்டுப் போயி வாங்கியாந்து கொழம்பு வச்சேன். அயிரைன்னா அவுகளுக்கு உசுரு. மலையிலருந்து எறங்கி வர்றப்ப எங்க கொழம்பு வாசம் தெரு முக்குலயே வண்டிய நிறுத்திருதுன்னு சொல்லுவாக. அன்னைக்கு ஆசையாத்தான் கைய வச்சாக. மூணு வாய். நாலாவது வாய எடுத்தவுக, அப்படியே தட்டுலயே போட்டுட்டுத் தட்டத் தள்ளி விட்டாக.

எனக்கு வந்துச்சே கோவம். "என்ன கேடு ஒங்களுக்கு? கால் கடுக்க நின்னு வாங்கி, முள்ளுக் குத்த ஆஞ்சு வச்சா, தள்ளி விடுறீக? சாகணும்னு முடிவு பண்ணிட்டீகளா? அப்படின்னா சொல்லிட்டுச் செய்யிங்க!"ன்னு கத்துனேன். தெருவே கேட்டுருக்கும்.

அவுக என்னப் பாத்தாக. ரொம்ப நாளைக்கப்புறம் நேரா எம் மூஞ்சியப் பாத்தாக. வார்த்தைய ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுத்துச் சொன்னாக. "தின்னா... போகணும்ல. நீ... கழுவணும்ல."

நான் அப்படியே ஒக்காந்துட்டேன். ரெண்டு மாசமா அந்த மனுசன் பசியோட கெடந்திருக்காக. எங் கையி படக்கூடாதுங்கிறதுக்காக வயித்தக் காயப் போட்டிருக்காக. நான் ஊறுகாய் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். தட்ட எடுத்துட்டுப் போயி, அடுப்படியில நின்னுக்கிட்டே பாய்க்குப் போனப் போட்டேன். நாளைக்குக் காலையில வாங்க, நேராப் போடணும்னேன்.

மறுநா பாய் வந்தாக. கருவிய எறக்கி வச்சுட்டு, நிலையப் பாத்தாக, என்னப் பாத்தாக. நான் விடிகாலையில வச்ச மஞ்சளும் குங்குமமும் ஈரங்கூடக் காயல.

"அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கெழமை."

"தெரியும்."

"நாளைக்கு வேணும்னாப் பாப்பமா? எனக்கும் மத்தியானம் தொழுகைக்குப் போகணும்."

"தொழுகைக்குப் போயிட்டு வாங்க பாய். அதுவரைக்கும் நான் தோண்டுறேன்."

சொல்லிட்டுக் கடப்பாரைய எடுத்துட்டேன். படிக்கு முன்னால சூடம் ஏத்தி, நிலையத் தொட்டுக் கும்பிட்டு, "ஆத்தா, இம்புட்டு நாளும் அவுகள எனக்குத் திருப்பித் திருப்பிக் குடுத்த. இப்பவும் குடு"ன்னு வாய் விட்டே கேட்டேன். அப்புறம் ஓங்கி ஒரு குத்து. சிமெண்டு பேந்துச்சு. எதுத்த வீட்டுலருந்து மதினி ஓடியாந்தாக. "ஏத்தா, வெள்ளியும் அதுவுமா நிலைய இடிக்கிற, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"லச்சுமி மேலால வரட்டும் மதினி. எங்க வீட்டு மனுசன் போக வழி வேணும்."

மதினி கொஞ்ச நேரம் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னாக. அப்புறம் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மண்ண அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சுட்டாக. வாய் மட்டும் ஓயல, ஏசிக்கிட்டேதான் அள்ளுனாக. பாய் எங்கிட்டருந்து கடப்பாரையப் புடுங்கி, "மரத்துல பட்டுறப் போகுது, தள்ளுங்கக்கா"ன்னு சொல்லி, நிலைக் கட்டையில ஒரு கீறல் விழாம அடியில கொடஞ்சு எடுத்தாக. மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போயிட்டு, சோறு திங்காம வந்து மறுபடி ஒக்காந்தாக. எங்க வீட்டுக்காரர் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாக. பட்டாசாலையப் பூராம் நெடுகத் தோண்டிப் போட்டு, கட்டிலச் சுத்தி மண்ணு மேடு. பாய் ஒரு எடத்துல குழாயக் கொஞ்சம் கோணலா வச்சதும் அங்கருந்து "ஏஏய்"னு ஒரு சத்தம். பாய் சிரிச்சுட்டாக. எடுத்து நேரா வச்சாக.

சிமெண்டு காய மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் நான் எதுவும் சமைச்சுத் தாளிக்கல, அவுக குடிச்ச கஞ்சிதான் எனக்கும். நாலாம் நாளு பாய் வந்து, பத்து வாளித் தண்ணிய ஒண்ணு மேல ஒண்ணா ஊத்தி, சேம்பர் மூடியத் தெறந்து வச்சுக்கிட்டுப் பாத்தாக. ஊத்துன வேகத்துக்கு வந்து விழுந்துச்சு. சுவத்துல ரெண்டு கம்பியும் பதிச்சுக் குடுத்துட்டு, எங்க வீட்டுக்காரர் தோளத் தட்டிட்டுப் போனாக.

மறுநா காலையில அவுக வாக்கரப் புடிச்சு எந்திரிச்சாக. நான் பின்னாலயே போனேன். கையக் குடுக்கப் போனா, தட்டி விட்டாக. ஒண்ணு, ரெண்டுன்னு நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வந்தேன். எண்ணுனது எங்கயோ தவறிப் போச்சு. சாமான் ரூம்பு வாசல்ல நின்னு, கம்பியப் புடிச்சு, கால உள்ள இழுத்து வச்சாக. நானும் ஒரு கால உள்ள வச்சேன். திரும்பி என்னப் பாத்தாக.

அப்புறம் இடது கையால கதவச் சாத்துனாக. எம் மூஞ்சிக்கு நேராச் சாத்துனாக. ஒடம்புக்கு முடியாமப் போனதுலருந்து அந்த மனுசன் ஒரு கதவச் சாத்துனதில்ல. உள்ள தாப்பா எங்க இருக்குன்னு தேடுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவ தவறி, மூணாந் தடவ விழுந்துச்சு. நான் கதவுல காத வச்சுக்கிட்டு, மூச்சக் கூட விடாம நின்னேன். நான் நிக்கிறது அவுகளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ.

"போடி அங்கிட்டு," உள்ளருந்து சொன்னாக. கொழறல் இல்லாம, தெளிவா.

முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டே அடுப்படிக்குப் போனேன். கல்யாணம் பண்ணி வந்ததுலருந்து அந்த மனுசன் சொன்னதுக்கு நான் எதுத்துப் பேசாமப் போனது அன்னைக்கு ஒரு நாளுதான்.